ஒரு பிளேன்டீ மட்டும்

அவன் தட்டை எடுத்துவிட்டான்.

றோசலின் முதலில் அதை நம்பவில்லை. பால் விடாத பிளேன்டீக் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், வடை என்று அடுக்கிய எவர்சில்வர் தட்டு அவளுடைய மேசையிலிருந்து மேலே எழும்பி, அவள் தலையைத் தாண்டிப் போய், பின்மேசைக் குடும்பத்தின் முன்னால் இறங்கியது.

"டீச்சருக்கு எப்பவும் டீ மட்டுந்தானே..." என்று சிரித்தான் பரிமாறுகிற டக்ளஸ்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் பின்மேசை அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. அவள் திரும்பி றோசலினைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். ஐயோ பாவம் என்கிற பார்வை... அந்தப் பார்வையை மட்டும் றோசலினால் தாங்க முடியாது.

இலங்கைத் தேயிலை மலை ஊரான ஹட்டனில் அந்தக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. பெயர்ப்பலகையில் 'மலைநாட்டு எக்ஸ்பிரஸ்'. ஊர் வாயில் கோச்சிக் கடை. ரயிலைக் கோச்சி என்றுதான் மலையில் சொல்வார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற யேசுரட்ணம், அந்த ஓய்வை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் கட்டிய கடை அது. உள்ளே காலெடுத்து வைத்தால் ரயில் பெட்டிதான். எதிரும் புதிருமாக ஆசனங்கள்... தலைக்கு மேலே சாமான் வைக்கிற பலகை... சுவரெல்லாம் ஜன்னல் சட்டம் அடித்து, அதற்குள் அருவியும் தேயிலை மலையும் கடலும் வரைந்திருக்கும். பரிமாறுகிறவர்களுக்கு ரயில்வேத் தொப்பி. மேசைகளுக்கு ஸ்டேஷன் பெயர்கள். "கொட்டகலைக்கு ரெண்டு டீ... நானுஓயாவுக்கு ஒரு சோறு!" என்று கத்துவதைக் கேட்பதற்கென்றே மஸ்கெலியாவிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மற்றபடி வழக்கம் எல்லாக் கடையிலும் உள்ளதுதான். ஆள் உட்கார்ந்ததும் கேட்காமலே தட்டு வரும். தின்றதற்கு மட்டும் காசு. ஒன்றுமே தொடாவிட்டாலும் எழும்பும் வரைக்கும் தட்டு அங்கேயே இருக்கும். அது கடைக்காரன் கொடுக்கிற மரியாதை. உட்கார்ந்திருக்கும்போதே தட்டைத் தூக்குவது, குடித்துவிட்டு வந்து தள்ளாடுகிறவனுக்கும் மழைக்கு ஒதுங்கிய ஓசிக்காரனுக்கும் செய்கிற காரியம்.

"நான் இன்னும் எந்திரிக்கலங்க," என்றாள் றோசலின்.

"தெரியுங்க டீச்சர்... உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"இல்லீங்க..."

"அப்ப உங்களுக்குத்தான் தொந்தரவு. ஒரு பிளேன்டீய வச்சுக்கிட்டு மேசைய அடைக்கிறேன்ல?"

டக்ளஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சாய்த்து வைத்த தொப்பிக்குக் கீழே அந்தக் கண்கள்... எப்போதும் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போகிற கண்கள்... இப்போது பயந்து போயிருந்தன. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. காசை வைத்தாள். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கினாள். கையிலிருந்த குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை.

கடையில் குறைவாகக் கேட்டு வாங்குகிறவர்களுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு வருஷச் சனிக்கிழமைகளில் றோசலின் தானாகவே பழகிக்கொண்டது. நல்ல இடம் பார்த்து உட்காரக் கூடாது. சமையல் புகை வருகிற குசினிக் கதவுக்குப் பக்கத்தில், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, வட்டவளை என்று பெயர் போட்ட மேசை போதும். குடும்பமாக ஆட்கள் வந்து நின்றால், யாரும் முகம் சுளிப்பதற்கு முன்னால் எழும்பிவிட வேண்டும். தின்னப் போவதில்லை என்றால் தட்டை ரொம்ப நேரம் பார்க்கவும் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், கோப்பையைக் காலி பண்ணக் கூடாது. அடியில் ஒரு மடக்கு ஆறிப்போய்க் கிடக்கிற வரைக்கும் நீ பயணி. அதையும் குடித்துவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான்.

இத்தனை ஒழுங்காக இருந்தவளிடமிருந்து தட்டைப் பிடுங்கினால் கோபம் வராதா என்ன?

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. சாயந்தரம் பிள்ளைகள் போய்விட்டால் பனிமூட்டம் வந்து ஜன்னலில் உட்காரும். அதற்குப் பிறகு மறுநாள் மணியடிக்கும் வரை அவளோடு பேச ஒரு குரல் கிடையாது. அப்பா, அம்மா, தங்கச்சிமார் எல்லாரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று இரண்டு அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தம்... அவர்களுக்கு இந்தியா கிடைத்தது. வேலைக்காகத் தனியாக மனுப்போட்ட இவளுக்கு இலங்கை கிடைத்தது. ஹட்டன் ஸ்டேஷனில்தான் ஏறினார்கள். தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து கப்பல். அன்றைக்கு ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. கோச்சி வளைவில் மறைந்த பிறகும் றோசலின் கையாட்டிக்கொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே சட்டியைச் சுற்றிச் சண்டை போட்டுத் தின்று வளர்ந்தவள் அவள். எதிரில் ஆளில்லாமல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை பிசைவதோடு நின்றுவிடும். நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு சட்டியைக் கழுவி விடுவாள். நாலு பேர் சிரித்துப் பேசுகிற கடையில் தனியாக உட்கார்ந்து தின்பது அதைவிடக் கொடுமை. அதனால் ஒரு பிளேன்டீ மட்டும்.

ஆனாலும் கோச்சிக் கடை அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தக் கோச்சி எங்கேயும் போகாது... யாரையும் கொண்டுபோகாது. கடல் வரைந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்மேசைச் சிரிப்பையும் பிள்ளைகளின் அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

தொப்பிக்குக் கீழே இருந்த கண்கள்? அதைப் பற்றி அவள் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் ஹட்டனுக்கு வந்தாள். கடைப் பக்கம் போகவில்லை. கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். தேவையில்லாமல் நூல்கண்டு வாங்கினாள். ஈரத்தில் வழுக்குகிற ரோட்டில் மேலும் கீழும் நடந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே நடைதான். சனிக்கிழமை என்று வாரத்தில் ஒரு நாள் இருந்தது, அதையும் பறிகொடுத்தாயிற்று... திரும்பப் போய் உட்கார்ந்தால் என்ன? மனசு கெஞ்சியது. ரோஷம் விடவில்லை. போ, போய் அந்த அறையிலேயே கிட என்றது.

மூன்றாவது சனிக்கிழமை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பஸ் ஸ்டாண்டில் பொகவந்தலாவை பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றாள். மலையெல்லாம் மறைந்துவிட்டது. எதிர்க்கடைக் கூரைத் தகரத்தில் மழை போட்ட சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை.

"டீச்சர்... ஒரு நிமிஷங்க..."

ரயில்வேத் தொப்பி சொட்டச் சொட்ட நின்றான் டக்ளஸ். ஓடி வந்திருக்கிறான். நெஞ்சு ஏறி இறங்கியது.

"இங்கயும் ஏதாவது எடுத்துக்கிட்டுப் போகணுமா?" என்றாள்.

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா கடைக்கு வராம மட்டும் இருக்காதீங்க."

"வியாபாரம் படுத்துருச்சா? ஒரு பிளேன்டீ குறைஞ்சதுக்கா இந்த ஓட்டம்?"

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நான் பாதர்மார் மடத்துல வளந்தவன்ங்க. சின்னப்பையனா இருக்கும்போது இதே டவுண்ல பேக்கரிக் கண்ணாடிக்கு முன்னால நிப்பேன். உள்ள இருக்கிறத பாக்கப் பாக்க வயிறு எரியும். நீங்க தட்டைப் பாப்பீங்க... அப்புறம் டக்குன்னு முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவீங்க. கைல இல்ல போலன்னு நானா முடிவு பண்ணிட்டேன். இல்லாதவங்க முன்னால தட்டை வைக்கிறது பாவம்னு தோணிச்சு..."

"கேட்டிருக்கலாமே."

"ஒரு பொம்பளப்புள்ளகிட்ட போயி, உங்ககிட்ட காசில்லையான்னு எப்பிடிங்க கேக்குறது?"

"நாலு பேரு முன்னால தட்டைத் தூக்குறது மட்டும் நல்லாருக்காக்கும்?"

மழை அவன் நெற்றியில் இறங்கி இமையில் நின்றது. துடைக்கவும் தெரியாமல் நின்றான். அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. "பொகவந்தலாவ... பொகவந்தலாவ... டீச்சர், ஏறுங்க!" என்று கண்டக்டர் கத்தினான்.

றோசலின் மிதிபலகையில் ஒரு காலை வைத்தாள். ஏறிவிட்டால் எல்லாம் சரி. ரோஷம் ஜெயித்துவிடும். பிறகு அந்த அறை... அந்தப் பனிமூட்டம்... அந்தச் சட்டி. அடுத்த சனிக்கிழமை இவன் ஓடி வருவான் என்று என்ன நிச்சயம்?

காலைக் கீழே வைத்தாள்.

"கைல காசு இருக்குங்க," என்றாள், அவனைப் பார்க்காமல். "பசியும் இருக்கு. எதிர்ல ஆள் இல்ல... அவ்வளவுதான். தனியா எனக்குத் திங்க வரல."

அவன் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"வாரம் முழுக்க என்கிட்ட எல்லாரும் டீச்சர் அது தாங்க, டீச்சர் இத எழுதிக் குடுங்கன்னுதான் வருவாங்க. உனக்கு என்னா வேணும்னு கேக்குற ஒரே ஆளு நீங்கதான். 'வேற என்னா வேணும் டீச்சர்'னு கேப்பீங்கள்ல... அதக் கேக்குறதுக்குத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவேன். ஒண்ணும் வேணாம்னு சொல்லுவேன். அது பொய்ங்க."

"டீச்சர், ஏறுறீங்களா இல்லியா?" கண்டக்டர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தான். பிறகு மணியடித்துவிட்டான். பஸ் சேற்றை வாரி அடித்துக்கொண்டு கிளம்பிப் போயிற்று.

"அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகுங்க..." என்றான் டக்ளஸ்.

"தெரியும்."

"நானும் இன்னும் சாப்பிடல. ஊருக்கெல்லாம் போட்டுட்டு, குசினில மூலையில நின்னுக்கிட்டு, எதையாவது வாயில போட்டுக்குவேன். உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

"அங்க உக்காரலாமே."

"பயணிங்க சீட்ல நாங்க உக்காந்தா மொதலாளி விசிலடிச்சிருவாருங்க!"

இந்தத் தடவை அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது... அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நல்லமுத்துவின் ரொட்டிக் கடை. ரயிலும் இல்லை, ஜன்னலும் இல்லை. புகை படிந்த சுவர், ஆடுகிற பெஞ்சு. டக்ளஸ் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையைத் துடைக்கப் போனான்.

"விடுங்க. அது அவங்க வேலை," என்றாள்.

ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வந்தன. அவன் பிய்த்தான். அவளும் பிய்த்தாள். முதல் வாய் தொண்டையில் நின்றது... அவன் மெல்லுகிற சத்தம் கேட்டது... இறங்கிவிட்டது. இரண்டாவது வாயும் இறங்கியது. சம்பல் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தண்ணீரை நகர்த்தி வைத்தான். காரம் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"இன்னொரு ரொட்டி சொல்லுங்க," என்றாள்.

"ரெண்டு சொல்றேங்க."

வெளியே மழை கொஞ்சம் தணிந்தது. தூரத்துத் தேயிலை மலை ஒன்று மெல்லத் தலையைக் காட்டியது. டக்ளஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். சொல்ல வந்து சொல்லாமல் போகிற அந்தக் கண்கள் இன்றைக்குப் போகவில்லை, அவள் முகத்திலேயே நின்றன.

"எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க டீச்சர். ரொம்ப நாளாவே. ஆனா... முறையா வந்து பேச எனக்கு அப்பா அம்மா இல்ல. உங்காளுங்க எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். அப்ப நான் யார்கிட்ட வந்து ஒங்களப் பொண்ணு கேக்குறது?"

றோசலின் ரொட்டியைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். அப்பா யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருமியிருப்பார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்திருப்பாள். தங்கச்சிமார் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். இதற்கென்று ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு ஒருவரும் இல்லை.

அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்டயே கேளுங்க," என்றாள். "எங்க வீட்டுல இப்ப நான்தான் பெரியவ."

அவன் கேட்டான். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அந்த வீட்டின் பெரியவள் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்தாள்... அப்புறம் அழுதுகொண்டே சரி என்று தலையாட்டினாள்.