ரேடியோவின் ரோஸ் நிறக் காது

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வாய் மூடாது. அதனால் வீட்டில் எல்லோரும் அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய அம்மா, காது கேளாத குழந்தைகளுக்குக் கேட்புக் கருவி பொருத்துகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். இந்த விடுமுறையில் ரேடியோவும் அம்மாவோடு விமானம் ஏறி, வேறொரு நாட்டில் இருந்த பள்ளிக்கு வந்திருந்தாள். காது கேளாத குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது.

அங்கே அம்மாவின் வேலை காதுக்கு அச்சு எடுப்பது. முதலில் டார்ச் அடித்துக் காதைப் பார்ப்பார். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைப்பார். பிறகு ஒரு தடித்த சிரிஞ்சால் ரோஸ் நிறப் பசையை அழுத்துவார். ஐந்து நிமிடத்தில் பசை இறுகிவிடும். எடுத்தால், காதின் உள்பக்கம் அப்படியே ரப்பரில் வந்திருக்கும். அதை ஊருக்குக் கொண்டுபோய், அதே அளவில் கருவி செய்து அனுப்புவார்கள்.

மொத்தம் முப்பத்திரண்டு குழந்தைகள். முப்பத்தொரு பேருக்கு முடிந்துவிட்டது. கடைசிக் குழந்தையைத்தான் காணவில்லை.

"மணி மூணேகால்! நாலு மணிக்கு வேன் கிளம்பலேன்னா விமானம் நமக்காக நிக்காது" என்று கையைப் பிசைந்தார் பெட்டி மாமா. அம்மாவோடு வேலை பார்ப்பவர்; சாமான் பெட்டிகளும் கைக்கடிகாரமும் அவர் பொறுப்பு.

"இன்னிக்கு அச்சு எடுக்கலேன்னா அந்தக் குட்டிக்கு அடுத்த வருஷம்தான். பாவம், ஆறு வயசு" என்றார் அம்மா.

உடனே எல்லோரும் தேடக் கிளம்பினார்கள். பெட்டி மாமா மாடிப்படியில் நின்று அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அம்மா தோட்டத்தில் நின்று கத்தினார். ரேடியோ கத்தியதில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

தலைமை ஆசிரியை வந்து மூவரையும் பார்த்தார். "நல்லாத்தான் கூப்பிடறீங்க. ஆனா எங்க குழந்தைங்களுக்குக் கேக்காதே!" என்றார்.

பெட்டி மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். "இருபது வருஷமா இதே வேலை. எனக்குப் புத்தி எங்க போச்சு!"

ரேடியோ வாயை மூடிக்கொண்டு கண்ணால் தேடினாள். சின்னக் குழந்தைகள் தூங்கும் அறையில் பன்னிரண்டு கட்டில்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கதவுகளுக்குப் பின்னால் பார்த்தாள். துணி துவைக்கும் அறையில், கொடியில் தொங்கிய போர்வைக்குக் கீழே இரண்டு குட்டிப் பாதங்கள் தெரிந்தன!

போர்வையை விலக்கினாள். ஓடிக்கொண்டிருந்த துவைக்கும் இயந்திரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள் அந்தக் குட்டி. கன்னமெல்லாம் கண்ணீர்.

"ஏன் அழறே? வா, ஒண்ணும் பண்ணமாட்டாங்க, எங்கம்மாதான், ரொம்ப நல்லவங்க..." என்று ஆரம்பித்த ரேடியோ, பாதியில் நிறுத்தினாள். யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்து, 'என்ன?' என்று கையை விரித்தாள்.

குட்டி தன் தோளில் விரலால் நறுக்கென்று குத்திக் காட்டினாள். பிறகு காதைத் தொட்டாள். தலையை வேகமாக ஆட்டினாள்.

ஓ! சிரிஞ்சைப் பார்த்து, காதில் ஊசி போடப்போகிறார்கள் என்று பயந்திருக்கிறாள்!

ரேடியோ ஓடிப்போய் ஒரு புது சிரிஞ்சை எடுத்து வந்தாள். நுனியைத் தன் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினாள். ஊசி இல்லை. குட்டி நம்புவதாக இல்லை. அடுத்து என்ன செய்வது?

ரேடியோ தன் காதைக் காட்டினாள். 'முதலில் எனக்கு. நீ பார்' என்று சைகை செய்தாள். குட்டி சற்று யோசித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு காதுலயும் அச்சு எடுங்க!"

"உனக்கு எதுக்குடி? மணி மூணரை..." என்ற அம்மா, மகளின் பின்னால் ஒளிந்திருந்த குட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சரி, உட்காரு. ஆனா அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது. தாடை அசைஞ்சா அச்சு கோணிடும்."

"அஞ்சு நிமிஷமா!" என்றார் பெட்டி மாமா. "இவளா!"

பசை சில்லென்று இறங்கியது. கூச்சம் தாங்கவில்லை. ரேடியோ கால்விரலை மடக்கிப் பொறுத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அறையின் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விட்டது.

பெட்டி மாமா அவளைச் சுட்டிக் காட்டி உதட்டை அசைத்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலைமை ஆசிரியையும் சிரித்தார். ரேடியோவுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. என்னவாம்? வாயைத் திறந்து விசாரிக்கவும் முடியவில்லை. உர்ரென்று கோபம் வந்தது.

குட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முன்னால் வந்து, பெட்டி மாமா மாதிரியே தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றாள். அவர் செய்ததுபோலவே ரேடியோவைச் சுட்டிக் காட்டினாள். விரல்களை வாய்போலப் படபடவென்று திறந்து மூடினாள். பிறகு அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஜன்னல் வழியே எறிந்தாள்!

ரேடியோவுக்குச் சிரிப்பு முட்டியது. குட்டி உடனே விரலைத் தன் உதட்டில் வைத்து மிரட்டினாள். 'அசையாதே!'

ஐந்து நிமிடம் முடிந்தது. அம்மா நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ப்ளக்! ரோஸ் நிறக் காது ஒன்று வெளியே வந்தது. ப்ளக்! இன்னொன்று.

குட்டி ரேடியோவின் காதுக்குள் எட்டிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. யாரும் அழவில்லை. ரேடியோவைத் தள்ளிவிட்டு, தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு, 'முப்பத்திரண்டு' என்று எழுதிய டப்பாவில் இரண்டு குட்டி அச்சுகள் பத்திரமாக இருந்தன. அம்மா டப்பாவை மூடிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். பெட்டி மாமா முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ரேடியோவின் அச்சுகளை அம்மா குப்பையில் போடப் போனார். குட்டி அதில் ஒன்றைப் பறித்துக்கொண்டாள். 'எனக்கு' என்று நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

வேன் கிளம்பியபோது, குட்டி வாசலில் நின்றாள். அந்த ரோஸ் நிறக் காதை வாயருகே வைத்து, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள். ரேடியோ ஜன்னலில் சாய்ந்து தலையைத் தலையை ஆட்டினாள்.

"என்னடி சொன்னா அவ?" என்று கேட்டார் அம்மா.

"அதை என் காதுகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா. உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றாள் ரேடியோ.