மெழுகு ஊற்றிய ஓட்டை

ஊரில் ஒருத்தனுக்கும் வேலை தெரியாது என்பது நம் சவுண்ட் இன்ஜினீயரின் அசைக்க முடியாத கொள்கை. மைத்துனன் வாடகைக்குப் பிடித்திருந்த பழைய ஸ்டுடியோவுக்குள் மத்தியான வெயிலோடு வந்து நுழைந்தவன், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பித்தான்.

"இது ஸ்டுடியோவா, எலி செத்த கிடங்கா?"

ஊறிப்போன கம்பளம் ஒட்டிய சுவர்கள். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அப்படியே அறுந்துபோனது. எச்சில் விழுங்கினால்கூட அடுத்தவருக்குக் கேட்கும் போலிருந்தது.

பின்னாலேயே அவன் மனைவி வந்தாள். யார் யார் பாட்டுக்கோ கூட்டத்தில் நின்று கோரஸ் பாடியே காலத்தைக் கழித்தவள். இன்றுதான் அவளுக்கென்று முதல் தனிப்பாட்டு. சந்தோஷத்தில் இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

"இன்னிக்கு ஒரு நாளாவது யாரையும் திட்டாம இருங்க," என்றாள். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

புது டிஜிட்டல் ரெக்கார்டரை மேசையில் வைத்தான். எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் உள்ளது. பாடும் அறையிலிருந்து சுவர் வழியாக வந்த எட்டு இணைப்புகளில் ஒவ்வொரு கேபிளாகச் செருகிக்கொண்டே போனான். முதலாவதில் பாடுகிறவளின் மைக். எட்டாவது ஓட்டையை யாரோ மெழுகு ஊற்றி அடைத்திருந்தார்கள்.

"அதை விட்டுடுங்க மாமா," மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "முன்னாடி இருந்தவங்க தொடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நமக்கு ஒரு மைக் போதுமே."

"சுவத்து ஓட்டைக்குப் பயப்படுற மூஞ்சிக்கெல்லாம் எதுக்குடா ஸ்டுடியோ? போய் வெங்காயம் வித்துப் பொழைச்சுக்கோ."

ஸ்க்ரூடிரைவரால் மெழுகை நோண்டி எறிந்தான். கேபிளைச் செருகி, எட்டு டிராக்கையும் பதிவுக்குத் தயார் செய்தான். ஒன்றை விட்டால் ஐயாவின் கௌரவம் என்ன ஆவது?

ஒலியின் அளவைக் காட்டும் எட்டாவது மீட்டர் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அந்தப் பக்கம் மைக்கே இல்லை.

"வயரிங் பண்ணவன் கத்துக்குட்டி," என்று சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்கினான்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் பாடினாள். முதல் வரி கணீரென்று வந்தது. இரண்டாவது வரியில் அவளுடைய மீட்டர் படுத்துவிட்டது. எட்டாவது துள்ளியது. ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் பாடுவதை நிறுத்தியிருந்தாள்.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. அவள் குரலோ ஸ்பீக்கரில் சாவகாசமாகப் பாடிக்கொண்டிருந்தது. அவன் எட்டாவது கேபிளைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க மாமா!" மைத்துனன் குறுக்கே பாய்ந்தான். "அக்கா குரல் அந்த ஓட்டைக்குள்ள இருக்கு. பிடுங்கினா அங்கேயே தங்கிடும்."

அவளும் ஓடிவந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் இந்தப் பயந்தாங்கொள்ளி முன்னால் தப்பை ஒப்புக்கொள்வதா?

"போங்கடா, நீங்களும் உங்க பேயும்!"

கேபிளைப் பிடுங்கி எறிந்தான், அறிவுகெட்டவன்.

பாட்டு அறுந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவள் எதிரே மண்டியிட்டான்.

"ஏதாச்சும் பேசும்மா. ஒரே ஒரு வார்த்தை. என்னைத் திட்டவாவது செய்."

அவள் உதடுகள் பிரிந்தன. கரகரத்த ஆண் குரல் ஒன்று வந்தது.

"உன்னை எதுக்குத் திட்டணும்? என்னை வெளிய விட்டவனே நீதானே."

அவள் பதறிப்போய் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக அது சிரித்துக்கொண்டே இருந்தது.