ஓர வரிசை ஏன் பச்சை?

பாகலூர் தக்காளித் தோட்டத்தில் பிணம்!

விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விதைக் கம்பெனியின் சோதனைப் பாத்தியில் குப்புறக் கிடந்தான் பிரேம்குமார். அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரன். பின்மண்டை பிளந்திருந்தது. மூடிய கையில் பிய்த்த இலைகள்...

எஸ்.ஐ. மணிமேகலை வருவதற்குள் குற்றவாளியும் தயார்!

பக்கத்து நிலத்து நாராயணப்பன். கருகல் நோய் வராத விதை என்று இதே கம்பெனி விற்றதை நம்பி நாலு ஏக்கர் போட்டான். நாலும் கருகிப் போச்சு. முந்தின நாள் பிரேம்குமாரின் சட்டையைப் பிடித்தான். ஊரே பார்த்தது.

மேனேஜர் குருமூர்த்தி அதையே மூன்று தடவை சொன்னார். பேண்ட் மடிப்புக் கலையாத ஆள் சொன்னால் போலீசுக்குப் போதாதா? மாட்டினார்கள் விலங்கை.

நாராயணப்பன் பாத்தியையே முறைத்தான்.

"மேடம், அந்த ஓர வரிசை ஏன் பச்சையா நிக்குது?"

"நின்னா என்னய்யா?"

சொன்னான். ஓரத்தில் நடுவது நோஞ்சான் ரகம். கருகல் பூஞ்சை முதலில் அதைப் பிடித்து, அப்புறம் நடுவில் இருக்கும் புது ரகத்துக்குப் பரவ வேண்டும். அதைத் தாங்கினால்தான் எதிர்ப்பு இருக்கிறதென்று அர்த்தம். சட்டையை விடுவித்துக்கொண்டு பிரேம்குமாரே சொன்னதாம்.

குருமூர்த்தி சிரித்தார்.

"எங்க விதையில எதிர்ப்பு ஜீன் ரெண்டு இருக்கு மேடம். அதோட பவர். மருந்து ஒரு சொட்டு அடிக்கல."

நாராயணப்பன் விடவில்லை. "ஜீன் அந்தச் செடிக்குள்ளதானே சார் இருக்கும்? வேலி தாண்டி வந்து பக்கத்துச் செடியக் காப்பாத்துமா?"

குருமூர்த்தி கார் சாவியைப் பைக்குள் திணித்தார்.

மணிமேகலை பிணத்தின் விரல்களைப் பிரித்தாள். ஓர வரிசையில் பிய்த்த இலைகள். மேலே நீலப் படலம்... பூஞ்சையைக் கொல்லும் காப்பர் மருந்து!

சாக வேண்டிய வரிசைக்கும் சேர்த்து அடித்திருக்கிறான் பாவி. ஏமாற்றக்கூட ஒழுங்காகத் தெரியவில்லை!

மேனேஜரின் காரைத் திறக்கச் சொன்னாள். டிக்கியில் மருந்தடிக்கும் டேங்க். அதன் பித்தளைக் கம்பியில் ரத்தம், முடி...

"அடுத்த வாரம் இந்தப் புது விதை கடைக்குப் போகுது மேடம். பொய்னு ரிப்போர்ட் எழுதுவேன்னான்..."

விலங்கு கை மாறியது. பெங்களூரிலிருந்து வக்கீல் வருவார் என்று முனகினார் குருமூர்த்தி.

நாராயணப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"வரட்டும் சார். ஸ்டேஷன் செவுரெல்லாம் ஒரே ஈரமாம், பூஞ்சை ஏறுமாம். உங்க ஒடம்புல ஜீன் எத்தனைன்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும்."