முருங்கை குடித்த மருந்து

ஊதுகுழலை எடுத்து அடுப்பை இரண்டு ஊது ஊதியதுதான் இராமலட்சுமி அன்று காலையில் செய்த குற்றம். முற்றத்தில் குண்டு மிளகாய் பரப்பிக்கொண்டிருந்த மாமியார் முருகேஸ்வரி, மிளகாய்க்கே தும்மல் வரும்படியான காரத்தோடு உள்ளே வந்தாள்.

"யாரு உன்னய அடுப்புகிட்ட போகச் சொன்னா? வலிப்பு வந்து தீயில விழுந்து வச்சேன்னா, இன்னிக்கு வாற பெரிய டாக்டர்ட்ட எம்மகன் என்னத்தச் சொல்லுவான்?"

மருமகள் வெந்துபோவாளே என்றல்ல, இளைய மகன் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டிவருமே என்றுதான் கவலை. இராமலட்சுமி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து கலகலத்தது. வலிப்புக்காரிக்குக் கையில் இரும்பு இருக்க வேண்டும் என்று அந்தக் கொத்தை அவளிடமே விட்டிருந்தார்கள். பெட்டிகளின் பூட்டுகளை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். திருப்பாலைக்குடிக்கு மேற்கே அவர்கள் ஊர். ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால், நாத்தனார் பூமயிலைப் பெண் பார்க்கத் தொண்டியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். தலை முழுகிப் பூ வைத்துக்கொள்ளக் கொல்லைக்குப் போன பூமயில், பனையோலைக் குவியலுக்குப் பின்னால் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள். இராமலட்சுமி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தாள். இழுப்பு அடங்குகிற நேரத்தில், சத்தம் கேட்ட மாப்பிள்ளையின் தாயார் கொல்லைப் பக்கம் நடந்து வருவது தெரிந்தது.

இராமலட்சுமிக்கு யோசிக்க நேரமில்லை. சாவிக்கொத்தைப் பிடுங்கினாள். பூமயில் தலைக்குக் கரைத்து வைத்திருந்த சீயக்காயில் ஒரு கை நுரை அள்ளி வாயோரம் தடவிக்கொண்டாள். ஓலைக்கு இந்தப் பக்கம் மல்லாந்து விழுந்து கையையும் காலையும் உதறினாள். நான்கு பேர் அமுக்கியும் அடங்காத உதறல். அதைப் பார்த்துக் கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு போனது, தொண்டி சந்தையில்தான் பிடிபட்டது என்பார்கள்.

பூமயிலுக்குக் கல்யாணம் நடந்தது. இராமலட்சுமிக்கு அடுப்பு போயிற்று, கிணறு போயிற்று. கைக்குழந்தையாக இருந்த மகள் அழகியை மடியில் போட்டுப் பால் கொடுக்கலாம், பக்கத்தில் ஒருத்தி காவல் இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஓரடி நடக்கக் கூடாது. பெற்ற பிள்ளையை இடுப்பில் வைக்காமலே வளர்த்தவள் அந்தச் சீமையில் அவள் ஒருத்திதான். புருஷன் நாகநாதனிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றால், அவன் வாய்ப்பேச்சும் ராமநாதபுரத்து மழையும் ஒன்று. வானம் மட்டும் கறுக்கும்.

இந்த நிலையில்தான் கொழுந்தன் சோணைமுத்து விஞ்ஞானியானான். பட்டணத்தில் படித்துவிட்டு, மண்டபத்துக் கடலில் முங்குகிறவர்களிடம் கடற்பஞ்சு வாங்கி, அதைப் பிழிந்து புற்றுக்கு மருந்து தேடினான். கொடுத்துப் பார்த்ததில் எலியின் கட்டி கரைந்தது. கொஞ்ச நாளில் எலியும் கரைந்தது. சோணைமுத்து மனம் தளரவில்லை. அதே சாற்றை வலிப்பு வந்த எலிகளுக்குக் கொடுத்தான். அவை அசையாமல் படுத்தன. அடங்கியது வலிப்பா எலியா என்று சந்தேகம் வந்திருக்கலாம். அவனுக்கு வரவில்லை. வீட்டில் மதினி இருப்பதுதான் ஞாபகம் வந்தது.

மதினிக்கு எத்தனை தடவை வருகிறது என்று தாயிடம் கேட்டான். மருமகள் தும்மினாலும் வலிப்பு, கொட்டாவி விட்டாலும் வலிப்பு என்று நினைத்த முருகேஸ்வரி, "அதுக்கென்ன, வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாள். மருந்து வந்த நாளிலிருந்து அதே தும்மல் தும்மலாகவும் கொட்டாவி கொட்டாவியாகவும் ஆகிவிட்டன. மகன் மருந்தல்லவா!

மத்தியானம், மருந்தின் குணத்தைப் பார்க்க மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பூமயிலும் அவள் புருஷன் கூத்தையாவும் தொண்டியிலிருந்து வந்திருந்தார்கள். சோணைமுத்து, சந்தையில் மாட்டைக் காட்டுவதுபோல் மதினியைக் காட்டினான். ஒரு வருஷமாக மருந்து குடிக்கிறார்கள், ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை என்றான். டாக்டர் தலையசைத்து, அப்படியானால் அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற இராமலட்சுமி நிமிர்ந்தாள்.

"பச்சப் பிள்ளைகளுக்கா...?"

"ஆமாம்மா."

"குடுக்காதீங்கய்யா. அந்த மருந்த நான் குடிக்கல. கொல்லையில நிக்கிற முருங்கதான் குடிச்சுச்சு."

எல்லோரும் கொல்லையைப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து முருங்கைகள் காற்றில் தலை ஆட்டிக்கொண்டிருக்க, இந்த வீட்டு முருங்கை மட்டும் ஓர் இலை இல்லாமல், நேர்த்திக்கடன் கழித்தவனைப்போல் மொட்டையாக நின்றது.

"அதுக்கும் வலிப்பு வரல" என்றாள் இராமலட்சுமி. "மொத நாளு ஒரு கரண்டி குடிச்சேன். ரெண்டு நாளா எந்திரிக்க முடியல. வேல செய்யாம படுத்துக் கெடக்கேன்னு ஏசுனீங்களே அத்த, அன்னிக்கி."

சோணைமுத்து மதினி பக்கம் திரும்பினான். "ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா தம்பி? எலிகிட்டயும் கேக்கல, எங்கிட்டயும் கேக்கல. பாட்டில அத்த கையில குடுத்தீக, எப்பிடி இருக்கான்னு அத்தகிட்டயே கேட்டீக. நான் இங்கனதானே நின்னேன்?"

மருந்தும் குடிக்காமல் வலிப்பு எப்படி நின்றது என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"வந்தாத்தானே நிக்கிறதுக்கு. எனக்கு வலிப்பு வந்ததே இல்லய்யா. அன்னிக்கு வாயில இருந்தது சீயக்கா நுர."

பிறகு ஏன் விழுந்தாய் என்று நாலாபுறமும் கேள்வி விழுந்தது. அவள் பூமயில் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள். முருகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு, மகன் பேரைக் கெடுக்க வந்தவள், இப்போதே பிறந்த வீட்டுக்குப் போகட்டும், பிள்ளை இங்கே இருக்கட்டும் என்று அழுதாள்.

பிள்ளை என்ற சொல்தான் பூமயிலை எழுப்பியது.

"மதினி போகாது. நான்தாம்மா போகணும்." தாயின் முன்னால் வந்து நின்றாள். "வலிப்பு எனக்கு. அன்னிக்கு ஓலைக்குப் பின்னால கெடந்தது நானு. எனக்காக மதினி விழுந்துச்சு... நான் வாயப் பொத்திக்கிட்டு வாழப் போயிட்டேன்."

சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். கூத்தையா தொண்டியில் கயிற்றுக்கடை வைத்திருப்பவன், எதையும் அவசரமாக அவிழ்க்க மாட்டான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எனக்குத் தெரியும் புள்ள. கல்யாணமான புதுசுலயே தெரியும். நீ தூக்கத்துல இழுப்ப. நான் கடைச் சாவியக் கையில வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். காலையில உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கும் உங்க வீட்டுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவீகன்னு நான் சொல்லல."

யாருக்குத் தெரியக்கூடாது என்று இராமலட்சுமி தன் வாழ்க்கையைப் பூட்டி வைத்தாளோ, அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாயிற்று.

"அப்ப எம்பிள்ள..." என்றாள். "எம்பிள்ளய நான் தூக்காம விட்டது எதுக்கு? அத யாரு திருப்பித் தருவீக?"

பெரிய டாக்டர் எழுந்து, மருந்து எலியோடு நிற்கட்டும் என்று சோணைமுத்துவிடம் சொன்னார். பிறகு பூமயில் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நல்ல மாத்திரை இருக்கிறது, மதுரைக்கு வந்தால் தருகிறேன், மறைத்து வைக்கிற நோய் இல்லையம்மா இது என்றார். சோணைமுத்து மதினியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மழையே இல்லாத நாகநாதன் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது.

முருகேஸ்வரி மிளகாய்க் கையோடு மருமகளின் கையைப் பிடித்தாள். "அடுப்பப் பத்த வையி தாயி... நீயே வையி."

இராமலட்சுமி கையை விலக்கி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மாமியாரின் மடியில் போட்டாள்.

"இந்த வீட்டுல எந்தப் பூட்டுக்கும் இது சேராது. நீங்களே வச்சுக்கிடுங்க. அடுப்ப அப்புறம் பாப்போம்."

வாசலில் நின்ற அழகியை வாரி இடுப்பில் ஏற்றினாள். பிள்ளை வளர்ந்துவிட்டது, கால் இரண்டும் தாயின் முழங்காலைத் தாண்டித் தொங்கின. "எறக்கி விடும்மா, பாக்குறாக" என்று அழகி கூச்சப்பட்டு, பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று, இராமலட்சுமி மறு கையில் குடத்தோடு நடுத்தெரு வழியாகக் கிணற்றுக்கு நடந்தாள்.