மீட்புக் கோப்பு

குளியலறைச் சுவரில் இரண்டு கொக்கிகள். மேலே இருப்பது பெரியவர்களுக்கு. கீழே, அவளுடைய இடுப்பு உயரத்தில் இருப்பது மகள் சிட்டுவுக்கு. காய்ச்சலில் சிட்டு போய்ப் பதினோரு மாதம் ஆகியும் கீழ்க்கொக்கியில் அந்த மஞ்சள் துண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கழற்றி மடித்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. கணவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காய்ந்து காய்ந்து அட்டைபோல் விறைத்துப்போன துண்டு, அன்று காலை பல் தேய்க்கப் போனவளின் தொடையில் ஈரமாகப் பட்டது.

பிழிந்து உதறிப் போட்டதுபோன்ற ஈரம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முனையில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, தரையில் விழுந்தது. குழாயைத் தடவிப் பார்த்தாள். கசிவு இல்லை.

"என்னங்க, இந்தத் துண்டை நனைச்சீங்களா?"

வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "கை பட்டிருக்கும்" என்றார். வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார். கதவைத் திறந்தவர் திரும்பி வந்து, அவள் தலையில் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டுப் போனார். பதினோரு மாதமாகத் தொடாத கை. அவள் வேலைக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போன வழியெல்லாம் அந்தக் கையின் கனம் தலையில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் வேலை பார்த்த நூலகத்தில் வருகைப் பதிவுக்கு ஒரு கைரேகை இயந்திரம் உண்டு. கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. 'பதிவு இல்லை.' துடைத்துவிட்டு வைத்தாள். 'பதிவு இல்லை.'

"பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போச்சாக்கா?" என்றார் காவலாளி. "மாமாவை ரெண்டு நாள் தேய்க்கச் சொல்லுங்க. திரும்ப முளைக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். மேலாளர் அம்மா மட்டும் திரையைப் பார்த்துப் புருவம் நெரித்தார். "உங்க பேரே காணோமேம்மா. நாளைக்கு வரும்போது அடையாள அட்டை நகல் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க. புதுசா ஏத்திடறேன்."

வேலை முடிந்து வெளியே போகும்போது தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ வந்த பிறகுதான் விலகியது. அவள் ஒருக்களித்து நுழைந்து வெளியேறினாள்.

வீடு சேரும்போது மணி மூன்றரை. மேகம் மூடிய பிற்பகல். பூட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஆரஞ்சு வாசனை. பழ வாசனையல்ல, சிட்டுவுக்கு நான்கு மணி நேரத்துக்கொரு தரம் புகட்டிய காய்ச்சல் மருந்தின் தித்திப்பான, தொண்டையில் ஒட்டும் வாசனை. அந்தப் பாட்டிலை அவளே குப்பையில் போட்டிருந்தாள். நடுக்கூடத்தில் நின்று காதைக் கொடுத்தாள். குளிர்பெட்டியின் முனகல், எதிர்வீட்டுக் கொடியில் துணி படபடக்கும் ஓசை, அதற்கும் அடியில், சாத்தியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், யாரோ போர்வைக்குள் புரண்டு படுப்பதுபோன்ற ஒரு சரசரப்பு. ஜன்னல் திறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். போய்ப் பார்க்கவில்லை.

நகல் கணினியில்தான் இருக்கும். அது கணவருடைய கணினி. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பட்டியல்களைக் கணினியில் பராமரிப்பது அவர் வேலை. எதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒன்றை மாற்றும் முன், அதைப் பழையபடி ஆக்கும் கோப்பையும் எழுதி வைத்துவிட்டுத்தான் மாற்றுவார். மீட்புக் கோப்பு என்பார். வீட்டில் அலமாரியை நகர்த்தினால்கூட, அது நின்ற இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுத்தான் நகர்த்துவார். "திரும்பி வர வழி வெக்காம நான் ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

தேடும் கட்டத்தில் தன் பெயரைத் தட்டினாள். நகல் வரவில்லை. மூன்று கோப்புகள் வந்தன. கேள்வி, மாற்றம், மீட்பு. மூன்றின் வாலிலும் ஒரு புள்ளி, பிறகு எஸ்க்யூஎல் என்ற எழுத்துகள். மூன்றிலும் அன்றைய தேதி. முதல் கோப்பை இருமுறை தட்டினாள். இதை எதில் திறப்பது என்று கணினி அவளையே கேட்டது.

கணினி பழுது பார்க்கும் தன் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சொல்லுக்கா. மாமா கம்ப்யூட்டர்ல கை வெச்சுட்டியா? மனுஷன் வந்து குதிக்கப் போறாரு."

"என் பேரைத் தேடினா மூணு கோப்பு வருதுடா. எஸ்க்யூஎல்னு முடியுது. எதுல திறக்கன்னு கேக்குது."

"அது டேட்டாபேஸுக்கு, அதான் மாமா பாக்கற பட்டியலுக்கு, எழுதற சீட்டுக்கா. இதைத் தேடு, அதை மாத்துன்னு. வெறும் எழுத்துதான், நோட்பேடுல திற. படிச்சா ஒண்ணும் ஆகாது. ஓட்டினாத்தான் வேலை நடக்கும்."

"கைதவறி ஓட்டிட்டா?"

"அப்புறம் மாமா உன்னை ஓட ஓட விரட்டுவாரு." அவன் சிரித்தான். "கட்டளையெல்லாம் உனக்குப் புரியாது. ரெண்டு சின்னக் கோடு போட்டு ஆரம்பிக்கிற வரிய மட்டும் படி. அது மனுஷங்களுக்கு எழுதறது. மெஷின் அதைத் தாண்டிப் போயிடும்." சட்டென்று குரல் மாறியது. "பக்கத்துல யாருக்கா?"

"யாரும் இல்லையே."

"குழந்தை இருமற மாதிரி கேட்டுச்சு. டிவியா?"

தொலைக்காட்சியின் கறுப்புத் திரையில் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. "ம்" என்றாள்.

அவன் சொன்னபடி முதல் கோப்பைத் திறந்தாள். ஆங்கிலக் கட்டளைகளுக்கு நடுவே, இரட்டைக் கோடுகளுக்குப் பின்னால், கணவருடைய தமிழ். அவர் எழுத்தில் எப்போதும் இருக்கும் அதே நிதானம்.

-- சிட்டுவின் பதிவை இறந்தோர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். மாலைக் கணக்கில் எண்ணிக்கை குறையக்கூடாது. பதிலுக்கு ஒருவர் வேண்டும்.

-- எண்பது வயது தாண்டி, தனியாக இருப்பவர்கள்: 212 பேர். யாரையும் தெரியாது. மனம் வரவில்லை.

-- என் பதிவையே சேர்த்தால், ஐந்து மணிக்குக் கணக்கை முடிக்க ஆள் இல்லை.

-- இந்த வீட்டு முகவரியில் என்னைத் தவிர்த்து: 1. இவள் மறுக்க மாட்டாள்.

அதை மூன்று முறை படித்தாள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை, துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது கட்டைவிரல் சில்லிட்டது.

இரண்டாவது கோப்பில் இரண்டே கட்டளைகள். ஒன்றில் சிட்டுவின் பதிவு எண். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எழுதி எழுதி அவளுக்கு மனப்பாடமான எண். மற்றொன்றில் அவளுடைய பெயர், வயது, இன்றைய தேதி.

-- காலை 8.10க்கு வீட்டிலிருந்தே ஓட்டினேன். ஐந்து மணிக்குக் கணக்கு மூடும். அதற்குள் மீட்பை ஓட்டினால் எல்லாம் பழையபடி. பிறகு முடியாது.

மணி நான்கு முப்பத்தெட்டு.

இன்னும் நேரம் இருந்தது. மீட்பை ஓட்டினால் போதும், தம்பி வழி சொல்வான். நாளைக்குக் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். கீழ்க்கொக்கியில் துண்டு மறுபடி அட்டையாகும்.

படுக்கையறைக்குள் இருமல். இரண்டு சின்ன இருமல், நடுவில் ஒரு மூச்சிழுப்பு. அந்த இருமலை ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவிலும் அவள் அடையாளம் கண்டுவிடுவாள்.

அவள் கை மூன்றாவது கோப்புக்குப் போனது. ஓட்டுவதற்காக அல்ல. சத்தியமாக அதற்காக அல்ல. அலமாரிக்கே கோடு போட்டவர் அவளுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாரா என்று பார்க்க. அது போதும் அவளுக்கு.

கோப்பு திறந்தது. கட்டளை எதுவும் இல்லை. ஒரே வரி.

-- இதற்கு மீட்பு வேண்டாம்.

அவள் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டாள். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் விசைப்பலகைகளின் ஓசை, யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். "கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன். எல்லாத்தையும் அந்தப் பெட்டிகிட்டயே கேட்டீங்களே. என்கிட்ட கேக்கத் தோணலையா?"

அவர் மூச்சு விடுவது கேட்டது. தடுமாறி, ஈரமாக. அவருக்குப் பக்கத்தில் யாரோ, "யாருங்க சார்?" என்று கேட்டார்கள்.

"ராங் நம்பர்" என்றார் கணவர்.

இணைப்பு அறுந்தது. மறுபடி அழுத்தினாள். தொலைபேசித் திரை அவள் விரலுக்கு மசியவில்லை. துடைத்துவிட்டு அழுத்தினாள். மசியவில்லை.

நான்கு ஐம்பத்தொன்பது.

ஐந்து.

ஒன்றும் நடக்கவில்லை. குளிர்பெட்டி முனகியது. எதிர்வீட்டுத் துணி படபடத்தது. ஆரஞ்சு வாசனை மட்டும் நின்றுவிட்டது. எல்லா வாசனையும் நின்றுவிட்டது.

எழுந்தாள். நாற்காலி நகரவில்லை. சுவரோரம் போய் நின்றாள்.

ஐந்தரைக்குச் சாவி திரும்பும் சத்தம். படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. வெறுங்கால்கள் தடதடவென்று ஓடின. பதினோரு மாதம் முன்பிருந்த அதே உயரம். அதே நீலக் கவுன். முகம் கழுவிய ஈரம் காதோரத்தில்.

"அப்பா!"

அவர் மண்டியிட்டார். வாரி அணைத்தார். தோள்கள் குலுங்கின.

குழந்தை அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தது. நேராக. அவளையே.

"அப்பா, அம்மா ஏன் சுவரோரமா நிக்கிறாங்க?"

"அங்க யாரும் இல்லடா கண்ணு."

திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தார். அவள் வழியில் நின்றாள். அவர் அவள்மேல் மோதவில்லை. ஊடுருவிப் போகவில்லை. ஒரு அடி ஒதுங்கி, தோளை லேசாகத் திருப்பி, நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல் அவளைச் சுற்றிப் போனார். கண் மட்டும் தரையில்.

திறந்த கதவு வழியே இரண்டு கொக்கிகளும் தெரிந்தன. கீழே மஞ்சள் துண்டு, சொட்டுச் சொட்டாக. மேலே, காலையில் அவள் தலை துவட்டிப் போட்ட துண்டு. அட்டைபோல் விறைத்து, மடிப்பெல்லாம் தூசியேறி, பல மாதமாக யாரும் தொடாததுபோல்.