கைமாறிய பெட்டிகள்

1974, ஆடி மாதத்துச் சனிக்கிழமை. குன்னூர் ரயிலடிக்குக் கீழே இருந்த தேயிலைக் கிடங்குக்குச் செல்லையா வேலைக்கு வந்தபோது, மூடுபனி அவனுக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. ஈரச் சாக்கும் தேயிலைத் தூளும் கலந்த வாசனை மூக்கை அடைத்தது.

அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்குக் கதவைப் பூட்டினால் திங்கள் காலையில்தான் திறக்கும். இலங்கையிலிருந்து வந்து எட்டு மாதம் முகாமில் கிடந்தவனுக்கு, கூடலூர்ப் பக்கம் புது எஸ்டேட்டில் வேலையும் வீடும் கிடைத்திருந்தன. பூட்டுகிற நேரத்துக்கு மனைவி வீரம்மா சாமான்களோடு லாரியில் வந்து, கிடங்கு வாசலில் அவனை ஏற்றிக்கொள்வாள்.

"கடைசி நாள்லயாச்சும் ஒழுங்காச் செய்யுங்க," என்றான் எல்லப்பன். அந்தக் கிடங்கில் இருபது வருஷம் பெட்டி சுமந்தவன். "'புடிச்சாச்சு'ன்னு குரல் வந்தாத்தான் பெட்டிய உடோணும். நீங்க பாட்டுக்கு உட்டர்றீங்க."

"இலங்கையில எங்க தேயில ஸ்டோருல கைதாண்ணே பேசும். அந்தப் பக்கம் இழுத்தா விட்டுருவோம்."

"இழுக்கறது ஆருன்னு பாக்கறதில்லீங்களா?"

செல்லையா சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்குக்குப் பின்னால் போனான்.

சுவரில் நீர் கசிந்ததால் அங்கிருந்த பெட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும். அடுக்கின் நடுவே ஓர் ஆள் நுழையுமளவு வழி. அதன் வழியே பெட்டியை நீட்டுவான். மறுபக்கத்துப் பனிமூட்டத்தில் கைகள் வாங்கிக்கொள்ளும். திரும்பி அடுத்ததை எடுப்பான். எல்லப்பனின் 'புடிச்சாச்சு' வரவில்லை. செல்லையாவும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் குனிந்து கொடுத்தான். பிறகு இடுப்பளவில். பிறகு தோளுக்குத் தூக்கி. லாரியின் நினைப்பில் அது ஏனென்று தோன்றவில்லை.

கடைசிப் பெட்டியைத் தலைக்கு மேலே தள்ளினான்.

வெளிச்சம் நின்றுபோயிற்று.

அவன் நீட்டிய பெட்டிகளே வழி முழுக்க அடைத்திருந்தன.

தூரத்தில், வாசலருகே, எல்லப்பனின் குரல் கேட்டது. "டீ குடிச்சுப்போட்டு இப்பத்தான் வாரேன். அதுக்குள்ள தனியாவா அத்தனையும் அடுக்குனீங்க?"

செல்லையா பெட்டிகளில் காதை வைத்தான்.

"ஆமாண்ணே," என்று பதில் வந்தது. "முடிஞ்சிருச்சு. பூட்டிரலாம்."

அது செல்லையாவின் குரல்.

அவன் வாய் திறக்கவே இல்லை. இப்போது திறந்தான். தொண்டை கிழியக் கத்தினான்.

காற்று மட்டுமே வந்தது.

பெட்டிகளை மோதினான், உதைத்தான். ஒன்றும் அசையவில்லை, மறுபக்கம் யாரோ தோள் கொடுத்து நிற்பதுபோல இருந்தது. கதவு இழுபட்டது. பூட்டு விழுந்தது.

சுவரில் காற்றுக்கு விட்டிருந்த சிறு ஓட்டையில் கண்ணை வைத்தான். லாரி வந்து நின்றது. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்த ஒருவன் தூறலில் நடந்து போனான். வீரம்மா கைகொடுத்து அவனை மேலே தூக்கினாள்.

"என்னங்க, கை ஐஸா இருக்கு?"

"வீட்டுக்குப் போனாச் சரியாயிரும்."

செல்லையா ஓட்டைக்குள் விரல்களை நுழைத்து ஆட்டினான். வீரம்மா சாமான் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

லாரி நகர்ந்தது. வளைவில் திரும்புமுன், அவள் பக்கத்தில் இருந்தவன் மெல்லத் தலையைத் திருப்பி அந்த ஓட்டையைப் பார்த்தான்.

கொங்காணிக்குள் முகம் இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை.