மாரித்தாயின் வலது கை

திங்கட்கிழமை, காலை பத்தரை. சூலக்கரையில் மாற்றுத்திறனாளிகள் நலத்திட்ட அலுவலகத்தின் மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாரித்தாயின் உதவித்தொகை செத்துப்போன விஷயம் வெளியே வந்தது.

கண்டுபிடித்தவள் மாரித்தாயேதான். பேங்கில் பணம் விழவில்லை என்று கேட்க வந்தாள். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் அடுக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். சேலைக்கு மேல் புருசனின் பழைய சட்டை. அடையாள அட்டையை எடுப்பதற்கு இடது கையை மடக்கி, முறுக்கி, நெஞ்சுப் பைக்குள் விட்டுத் துழாவினாள். வலது கை பார்க்க முழுசாகத்தான் இருந்தது. ஆனால் பிழியாத துணி போலத் தொங்கியது.

கண்காணிப்பாளர் ஜெபராணி அலுப்புடன் கணினியைத் தட்டினார். ஊரார் ஊனத்தையெல்லாம் சதவீதமாகவே படித்துப் படித்துச் சலித்த அம்மாள் அவர்.

"உன் உதவித்தொகையை ரத்து பண்ணியாச்சு மாரித்தாய். ஊனம் பொய்யின்னு போட்டிருக்கு."

"அடி ஆத்தி! யாரும்மா சொன்னா? இந்தக் கைய நானா கழட்டி வச்சிருக்கேன்? அந்தக் காசுலதான் வீட்டுல அரிசி வேகுது."

அதிகாரி ஜெயசுந்தர் அறையிலிருந்து குரல் கொடுத்தார். மைக் இல்லை என்பது பேசும்போது அவருக்கு ஒருநாளும் நினைவில் இருந்ததில்லை.

"மக்கள் வரிப்பணத்தின் காவலன் என்ற முறையில் நான் எடுத்த முடிவு அது. ஆதாரம் இருக்கிறது. வாருங்கள்."

ஜெபராணி மட்டும் உள்ளே போனார். ஆதாரம் அவருடைய செல்போனில் இருந்தது. பெயர் தெரியாத எண்ணிலிருந்து வந்த வீடியோ. ஆலைக் கொட்டகையில் மாரித்தாய் உட்கார்ந்து வலது கையால் மளமளவென்று குழாய் அடுக்குகிறாள். இடது கை மடியில் கிடக்கிறது. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. மூவரும் சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டு, வலப்பக்கப் பையில் எதையோ திணித்திருந்தார்கள்.

"செயலிழந்த கையாம்! என்ன வேகம் பார்த்தீர்களா? இடது கைக்கு ஓய்வு வேறு. போலீசில் புகார் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்."

ஜெபராணி வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மாரித்தாய் சுவரோரம் குத்தவைத்திருந்தாள்.

"கை எப்படிப் போச்சு? உள்ளதைச் சொல்லு."

"இதே ஆலையில வெடிமருந்துக் கொட்டகை வெடிச்சதுல தகரம் பறந்து வந்து முழங்கைக்குக் கீழ அறுத்துருச்சும்மா. நரம்பு போச்சு. ஆசுபத்திரியில, வீட்டுல குக்கர் வெடிச்சுச்சுன்னு சொல்லச் சொன்னாக ஆலைக்காரக. சொன்னேன். ஆனா இங்கன மனுவுல உள்ளதைத்தான் எழுதச் சொன்னேன். கவருமெண்டுகிட்டப் பொய் சொல்லலாமா?"

கவருமெண்டிடம் உண்மை சொன்னவர்களின் கதி ஜெபராணிக்குத் தெரியும். பெருமூச்சு விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மதியம் ஒன்றரை. ஆலை வாசலில் காவலாளி ஊர்க்காவலன் மறித்தார்.

"போனை இங்கன குடுத்துட்டுப் போங்கம்மா. கலெக்டரே வந்தாலும் இதுதான் சட்டம்."

"போர்மேனுக்கு?"

"அவருக்கும்தான். வேலைக்கு வார பொம்பளைக மடியைக்கூட ஒரு அக்கா தடவிப் பாத்துத்தான் விடும். ஒரு பொறி போதும்மா, ஊரே கெளம்பிரும்."

உள்ளே கொட்டகைகளில், புருசன், அண்ணன், மகன் என்று வீட்டு ஆண்களின் சட்டைகளெல்லாம் பெண்களோடு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தன. ஜெபராணி ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தார்.

முதலாளி பெத்தணன் எதிரே வந்தார். வருசந்தோறும் மூன்று சக்கர வண்டி தானம் செய்கிறவர். ஒவ்வொரு வண்டியிலும் சக்கரத்தைவிடப் பெரிதாக அவர் பெயர் இருக்கும்.

"வாங்கம்மா, சாப்பிட்டீகளா? மாரித்தாயா? நல்ல பிள்ளைதான். கையெல்லாம் சொகமாத்தான் இருக்கு. எவனோ மனு எழுதிக் குடுத்துக் கெடுத்துட்டான்." அவர் சட்டைப்பையில் சாமி பாட்டு ஒலித்தது. எடுத்து, "ஆர்டரா? பெறகு பேசுறேன்" என்று வைத்தார்.

மாலை ஐந்து. ஜெயசுந்தர் அறையில் பெத்தணனும் இருந்தார். வண்டி வழங்கும் விழாவில் யாருக்கு முதல் மாலை என்று இருவரும் தீவிரமாக ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராணி மாரித்தாயையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், அந்த வீடியோவைப் போடுங்க. கையைப் பாக்காதீங்க. சட்டையைப் பாருங்க. பை எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"உங்க சட்டையில?"

ஜெயசுந்தர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பேனா இடப்பக்கம் இருந்தது. பெத்தணனின் மார்பைப் பார்த்தார். அங்கேயும் இடப்பக்கம்தான்.

"மூணு பேருக்கும் வலப்பக்கம் பை வச்ச டெய்லர் இந்த ஜில்லாவுல கிடையாது சார். படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பியிருக்காங்க. குழாய் அடுக்குறது இடது கை. மடியில கிடக்குறதுதான் வலது. சுவத்துல எழுத்து இருந்தா காட்டிக் குடுத்துரும்னு ஓரத்தை வெட்டினவங்க, பையை மறந்துட்டாங்க."

"யார் செய்தது?"

"எந்தக் கை செத்த கைன்னு தெரிஞ்ச ஒருத்தர். ஆலைக்குள்ள போன் கொண்டு போக முடிஞ்ச ஒருத்தர். மாரித்தாய் மனுவுல இருக்கிற வெடிவிபத்து விசாரணைக்கு வந்தா, குக்கர் கதை கிழிஞ்சு லைசென்சை இழக்கப் போற ஒருத்தர்." ஜெபராணி திரும்பினார். "அண்ணாச்சி, உங்களைத் தவிர அங்க யார் பையிலயும் போன் அடிக்காது."

பெத்தணன் எழுந்தார். "ஏ புள்ள மாரித்தாய், வேலை போட்டுக் குடுத்தேன்ல உனக்கு!"

"வாயை மூடத்தான் குடுத்தீகன்னு இப்பத்தானே வெளங்குது அண்ணாச்சி."

ஜெயசுந்தர் தொண்டையைச் செருமினார். "உண்மையில், என் ஆரம்ப ஐயமும் இதுவாகவே இருந்தது."

"சந்தோசம் சார். அப்ப ரத்தை ரத்து பண்ணிக் கையெழுத்துப் போடுங்க. விபத்தை விசாரிக்கச் சொல்லிப் போலீசுக்கும் ஒண்ணு."

போட்டார். விழாவுக்கு வேறு புரவலர் தேட வேண்டுமே என்ற துக்கத்தில் இரண்டு இடத்தில் தேதி மாறிப்போனது. ஜெபராணி திருத்தி வாங்கினார்.

வெளியே, ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க எழுத்தர் ஜெப்ரின் மைப்பெட்டியை நகர்த்தினார். மாரித்தாய் இடது பெருவிரலை நீட்டினாள்.

"ஆம்பளைகளுக்குத்தான்மா இடது. பொம்பளைகளுக்கு வலது. ரூல்."

ஜெபராணி வாயைத் திறந்தார். அதற்குள் மாரித்தாய் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மைப்பெட்டிமேல் வைத்தாள்.

"நல்லா அழுத்துங்கம்மா."

"நீங்களே அழுத்திக்கோங்க தம்பி. அது என் பேச்சைக் கேக்குறதில்ல."